சுபினின் காற்று

கடலுக்குள் பதினெட்டு மீட்டர் ஆழத்தில் ஜெனிட்டாவின் மணிக்கட்டிலிருந்த முக்குளிப்புக் கணினி, முதுகுச் சிலிண்டரிலிருந்து வரும் சிக்னலை இழந்தது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் இடத்தில் வெறும் கோடுகள். "சிக்னல் போனா பதறாதீங்கக்கா, கையைச் சிலிண்டர்கிட்ட கொண்டு போங்க, வந்துரும்" என்று கூட முக்குளிக்கும் சுபின் படகில் சொல்லியிருந்தான். கொண்டுபோனாள். வந்தது. நூற்றிருபது.

கோடுகள் வருமுன் அறுபதுதானே இருந்தது? காற்று எப்படிக் கூடும்?

ஒரு கணம் மூச்சிழுக்காமல் எண்ணையே பார்த்தாள். அப்போதும் எண் ஒன்று குறைந்தது. பக்கத்தில் சுபின் நிதானமாகக் குமிழ்களை விட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய காற்றா இது? அப்படியானால் தன்னிடம் எவ்வளவு?

அவன் தோளைத் தட்டி, மேலே போகலாமென்று கட்டைவிரலை உயர்த்தினாள். அவனும் குழம்பிப்போய்த் தன் கணினியை நீட்டினான். ஐம்பத்திரண்டு. அவள் மூச்சிழுத்தாள். ஐம்பத்தொன்று.

தன் காற்று அடுத்தவர் கையில் தெரிய, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் இறுகப் பிடித்துக்கொண்டு இருவரும் மெதுவாக மேலேறத் தொடங்கினார்கள்.