தறிகள் நின்ற தெரு

சிவசங்கரிக்குச் செல்போனில் இன்டர்வியூ என்பதால் ஆரணியின் இந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. இவ்வளவு அமைதி பொங்கலன்றுகூட வராது. தறியின் மிதிமேல் கால் வைத்தபடியே நெசவாளர்கள் காத்திருக்கிறார்கள். டிசைன் படிப்பை முடித்த இரண்டு வருடத்தில் இது அவளுக்குப் பதினோராவது இன்டர்வியூ. சன்னல் வெயிலில் பரப்பிய ஓவியத் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறாள். எங்கோ குக்கர் விசிலடிக்க, யாரோ ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறார்கள். நான்காவது தாளிலேயே, "மெயில் போடறோம்" என்று சிரித்துவிட்டு பெங்களூரு கம்பெனிப் பெண் திரையிலிருந்து மறைகிறாள். மீதித் தாள்கள் தரையில் வெயிலில் கிடக்கின்றன. சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு முத்துவேலின் குரல் தயங்கி வருகிறது. "முடிஞ்சிதா பாப்பா? தறி ஓட்டலாமா?" அவள் இருண்ட திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிசுகிசுக்கிறாள். "இன்னும் பேசிகினு இருக்காங்க மாமா."