பொம்மை வயிற்றுக்குள் ஒரு சிவப்புத் துண்டு

பனியன் கம்பெனி கழித்துப் போட்ட வெட்டுத் துணியில் பவளக்கொடியும் நாலு பெண்களும் சேர்ந்து பொம்மை செய்து விற்றார்கள். பெரிய துண்டு பாவாடையாகும், சின்னது பொம்மையின் வயிற்றுக்குள் போகும். அவ்வளவுதான் சட்டம்.

சிவப்புத் துண்டு ரொம்பச் சின்னது. ஆனால் அதற்குப் பாவாடை ஆசை. பவளக்கொடியின் கை பக்கத்தில் வந்ததும் உடம்பை இழுத்து இழுத்து நீட்டிக் காட்டியது. பனியன் துணியாச்சே, அடுத்த நொடியே சுருண்டுகொண்டது.

"நீ உள்ளேதாண்டி," என்று அவள் திணித்துத் தைத்துவிட்டாள்.

"ஒரே இருட்டு! இனிமே என்னை யாரு பார்ப்பா?" என்று அது உள்ளேயிருந்து கத்தியது.

"அதான் என்னைப் பார்க்கிறாங்களே," என்றது வெளியே மஞ்சள் பாவாடை. திமிர்.

அன்றைக்கு அந்த நாலு பேரில் ஒருத்தியான மரகதத்தின் மகளுக்குக் காய்ச்சல். கண்டில் சுற்றும் நூல் மாதிரி குழந்தை அம்மாவின் காலைச் சுற்றிச் சுற்றி அழுதது. பவளக்கொடி அந்தப் பொம்மையை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை பொம்மை வயிற்றில் கன்னத்தை வைத்துப் படுத்தது. கன்னம் அனலாய்க் கொதித்தது. சிவப்புத் துண்டு சத்தமில்லாமல் நகர்ந்து அதற்கு இடம் விட்டது.

"ஐயோ, என் மடிப்பெல்லாம் கசங்குது! எழுந்திரிக்கச் சொல்லுடி!" என்றது பாவாடை.

"கத்தாதடி," என்றது சிவப்புத் துண்டு. "புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கா."