பெட்டிக்குள் இருக்கும் பிளேடு

பங்களாவில் தூக்கிப்போட்ட புல்வெட்டும் மிஷினைப் பிரித்து, அந்த இன்ஜினில் பழைய ஸ்கூட்டர் சக்கரங்களை மாட்டி, மருமகன் சசிதரன் ஒரு வண்டி கட்டினான். எஸ்டேட் மண்பாதையில் ஓட்டத்தானாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல மிஷினை எவன் தூக்கிப்போடுவான்?

பிளேடை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தேயிலைக்குக் கவாத்து வெட்டியே காலம் போனவன், நல்ல இரும்பை விடமாட்டேன். கத்தி அடிக்கலாமென்று எண்ணெய் தடவித் தகரப்பெட்டியில் வைத்தேன்.

வண்டி முதல் தடவை ஓடி வந்த பிறகு பெட்டியைத் திறந்தால், பிளேடில் ஈரப்புல் ஒட்டியிருந்தது. பாதையில் போய்ப் பார்த்தேன். வண்டி போன தடம் முழுக்கப் புல் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டிருந்தது.

"வண்டிக்கு அடியில வேற பிளேடு வச்சிருக்கியா?"

"குனிஞ்சு பாருங்க மாமா. வெறும் செயினுதான்."

குனிந்து பார்த்தேன். செயின்தான். பிளேடைத் துடைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இன்று என் மகள் விஜயா சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறினாள்.

"ஏறாத புள்ள, இறங்கு."

"நான் போடுற டீயவே மோந்து பார்த்துத்தான் குடிப்பீங்க. பேசாம இருங்கப்பா."

வண்டிச் சத்தம் பள்ளத்தில் இறங்கி நின்றது. பெட்டியைத் திறந்தேன். பிளேடில் புல்லோடு சிவப்புக் கம்பளி நூல் சுற்றியிருந்தது.

இப்போது வண்டி மேடேறி வருகிறது. அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வாசலில் நிற்கிறேன்.