எங்க நிக்கிறீங்க?

முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள் அந்தப் பெண். டாக்ஸியில் ஏறுகிறவர்கள் பின் சீட்டில் உட்காருவதுதானே ஊர் வழக்கம்! காலையிலிருந்து இது நாலாவது ஆள்.

"பின்னாடி வசதியா உக்காரும்மா," என்றான் பூபதி, கடுப்பை அடக்கிக்கொண்டு.

"பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்ண்ணா."

கடுப்போடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் அவனுக்கு மனசில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஓசூரிலிருந்து பெங்களூருக்கென்று ஆப்பில் புக் செய்து ஏறிய இரண்டு பேர், பார்டர் தாண்டியதும் பின்னாலிருந்து அவன் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்கினார்கள். தோளில் கத்தியால் குத்தி, ரோட்டோரம் தள்ளிவிட்டு, வண்டியோடு போய்விட்டார்கள். வண்டி திரும்பக் கிடைத்தது, தையலும் ஆறிவிட்டது.

ஆனால் பின்னால் ஆள் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. சூடு கண்ட பூனை கதைதான். போன வாரம் பாவம், ஒரு பெரியவர் பின் சீட்டில் துண்டை உதறினார் என்பதற்காக நடுரோட்டில் அவரை இறக்கிவிட்டான். இந்த வாரமும் ஓட்ட முடியாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்க வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

போன் அடித்தது. மனைவி பொற்கொடி.

"ஏங்க, எங்க நிக்கிறீங்க?"

"சவாரியில இருக்கேன்! அரை மணிக்கு ஒருக்கா இதே கேள்வியா? நான் என்ன காணாமப் போற கொழந்தையா? நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவ படுத்துத் தூங்கேன்!"

"எறக்கிவிட்டுட்டு எங்க நிப்பீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"ராயக்கோட்டை ரோடு பாலத்துக்கிட்ட. வையி போன!"

பக்கத்துச் சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலைக்கோயில் அடிவாரத்தில் வண்டி நின்றதும், கதவைத் திறக்காமலே கும்பிடு போட்டாள்.

"சாமி பாத்தாச்சுண்ணா. பாலத்துக்கிட்டயே எறக்கி விட்டுடுங்க."

இதற்கா ஒருத்தி டாக்ஸி பிடிப்பாள்? தலையெழுத்தே என்று வண்டியைத் திருப்பினான்.

பாலத்துக்கிட்ட அவளை இறக்கிவிட்டு இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அடுத்த சவாரி விழுந்தது. பக்கத்தில் நிற்கிற வண்டிக்குத்தானே ஆப் சவாரி கொடுக்கும்! வந்தவளும் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே முன்கதவைத்தான் திறந்தாள். ஓசூரில் இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று பூபதி பல்லைக் கடித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் பொற்கொடி முன் நீட்டிக் காட்டினான்.

"பாத்துக்க. எட்டு சவாரி. ஒரு நடுக்கம் இல்ல. டாக்டர் வேணாம், மாத்திரை வேணாம், எவன் தயவும் வேணாம். நானா எந்திரிச்சு நின்னுட்டேன்."

"சந்தோஷம்ங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீதான் நொய்நொய்யுன்னு போன் போட்டு உசுர எடுத்த. நாளைக்கும் அப்படிப் பண்ணினா போன அணைச்சு வெச்சிருவேன், ஆமா."

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பொற்கொடி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று, அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நாளைக்கு எங்க கம்பெனி பொண்ணுங்கள பின் சீட்டுல உக்காரச் சொல்லட்டுங்களா?"