டீசல் தீர்ந்த ஐந்தாம் நாள்

"டீசல் இல்லைன்னா என்னய்யா அர்த்தம்? முந்தாநாள்தானே லாரி வந்து டேங்கை ரொப்பிட்டுப் போச்சு?"

மாநாட்டு மாளிகை மேனேஜர் போட்ட சத்தத்தில் ஜெனரேட்டர் அறையே அதிர்ந்தது. ஜெனரேட்டர்தான் அமைதியாக இருந்தது.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "தீர்ந்துடுச்சு சார்."

மேலே, மாநாட்டு அறையில், இரண்டு நாட்டு மந்திரிகள் ஐந்து நாளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எண்ணெய்க் கப்பல் போகும் கடல் வழியை அடைத்து வைத்திருந்தார். மற்றவர், அந்த நாட்டோடு யாரும் வியாபாரமே செய்யக்கூடாது என்று தடை போட்டிருந்தார்.

நீ முதலில் வழியை விடு. நீ முதலில் தடையை எடு. இந்த 'முதலில்' என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. பிஸ்கட் மட்டும் பெட்டி பெட்டியாகக் கரைந்தது.

வெளியே பெட்ரோலுக்கு அடிதடி. பாதி நாள் கரண்ட் கிடையாது. மாளிகைக்கு மட்டும் ஜெனரேட்டர். ஏசி குளிரில் மந்திரிகள் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, எரிபொருள் சிக்கனம் பற்றி விவாதித்தார்கள்.

"உன் நினைப்பெல்லாம் வீட்ல இருக்கு. அதான் டேங்கைப் பார்க்கல!" என்று கத்தினார் மேனேஜர்.

வீட்டு நினைப்பு இருந்தது உண்மைதான். ஆபரேட்டர் மனைவிக்கு நிறைமாதம். தினமும் காலையில் கேட்பார். "உள்ளே முடிஞ்சுதா சார்? ஆஸ்பத்திரி பத்து மைல். பெட்ரோல் வந்தாத்தான் வண்டி எடுப்பேங்கறார் ஆட்டோக்காரர்."

இன்று காலை இரண்டு முறை கேட்டுவிட்டார். வலி எடுத்துவிட்டதாம். மாநாடு முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார் மேனேஜர்.

"நிஜத்தைச் சொல்லு. டீசலை வித்துட்டியா?"

"இல்ல சார்."

"அப்ப குடிச்சியா? சாயங்காலம் நானே வந்து டேங்க்ல கோல் விட்டுப் பார்க்கறேன். தலைமை ஆபீசுக்கு ரிப்போர்ட் போகும். உன் சீட்டு கிழிஞ்சுது!"

மேனேஜர் மாடிக்கு ஓடினார்.

பாதுகாப்புக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் சால்வையும் கோட்டும் கழன்றன. இருபதாவது நிமிடம், ஒரு மந்திரி ஒப்பந்த நகலை எடுத்து விசிறிக்கொண்டார். மற்றவர் அந்தக் காற்று படும் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐந்து நாளில் இரு நாடுகளும் நெருங்கி உட்கார்ந்தது அப்போதுதான்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செஞ்சா என்ன?"

"அதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன். பேனா எங்கே?"

நாற்பதாவது நிமிடம், செல்போன் வெளிச்சத்தில் கையெழுத்து ஆனது.

பொருளாதார நெருக்கடியே காரணம் என்றார் டி.வி.யில் ஒரு நிபுணர். வல்லரசு ஒன்றின் ரகசியத் தூது என்றார் இன்னொருவர். நின்ற கப்பல் நங்கூரம் எடுப்பதற்குள்ளேயே, 'ஸ்டாக் இல்லை' போர்டு மாட்டியிருந்த பங்க்குகளில் எல்லாம் பெட்ரோல் ஊற்றெடுத்துவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் சொன்னபடியே வந்தார். டேங்க் மூடியைத் திறந்து அளவுகோலை உள்ளே விட்டார். எடுத்தார்.

கோல் கழுத்துவரை நனைந்திருந்தது.

அவர் கோலைப் பார்த்தார். ஆபரேட்டரைப் பார்த்தார். மறுபடியும் கோலைப் பார்த்தார்.

"வேற வழி தெரியல சார்," என்றார் ஆபரேட்டர். "கையெழுத்தானதும் ஆட்டோ கிடைச்சுது. ரெண்டு மணிக்குப் பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு போன் வந்தது. இனி நீங்க என்ன செஞ்சாலும் சரி."

மேனேஜர் கைக்குட்டையால் கோலை நுனிவரை துடைத்தார். ரிப்போர்ட்டை எடுத்து எழுதினார்: 'டேங்க் காலி. நேரில் பார்த்தேன். யார் மீதும் தவறில்லை.'

"சார்...!" ஆபரேட்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அடுத்த வாரம் எரிவாயுச் சண்டைக்காக வேற ரெண்டு நாடு வருது." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சு நாள் எல்லாம் காத்திருக்காதேய்யா. முதல் நாளே டீசலைத் தீர்த்துடு!"