மூன்றே நாள்

தையல்காரர் ஜெபராஜின் கையில் ஒட்டியிருந்த பட்டையிலிருந்து மனநோய்க்கான மருந்து தானாக உடம்பில் இறங்கும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மனைவி எஸ்தரின் போனில் இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. மருந்து சரியாக இறங்கினால் மனுஷன் நிதானமாகத்தான் தைப்பார்; குறைந்தால் சோறு தூக்கம் இல்லாமல் பறப்பார். மூன்றே நாள்தானே என்று எஸ்தர் குறைத்தாள்.

எல்லாம் தைத்து முடிந்தது. நான்காம் நாள் காலையில் அவர் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

“மெஷின் என்னைத் திட்டுது எஸ்தர். இந்த மருந்தும் எனக்கு ஒத்துக்கல போல.”

அவள் அவசரமாகப் போனை எடுத்தாள்.

“குளிக்கும்போதுகூட நான் பட்டையைக் கழட்டல,” என்று அழுதார். “டாக்டர் நம்ப மாட்டாரு. நீயாவது நம்புறியா?”

அளவைப் பழையபடி ஏற்றிவிட்டு எஸ்தர் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“நம்புறேங்க,” என்றாள்.