சுகிர்தத்தின் தொழில்

"உங்க தொழில் நல்லாப் போகுதுதானே அக்கா? அதைச் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்?" என்று கேட்டாள் சர்மிளா.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள். "போகுதுங்க மிஸ். ஆனா எழுதிறாதீங்க."

எழுதுவதற்கென்றே கொழும்பிலிருந்து வந்தவளிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வாள்? சர்மிளா தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்தின் வாசற்படியில் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

மலையகத்தில் சுயதொழில் செய்யும் பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. அன்று காலை, உள்ளூர் நிறுவனம் ஒன்று ஆள் சேர்த்துக் கொடுக்க, தலவாக்கலையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடத்தியிருந்தாள். காளான், தையல், ஊதுபத்தி, பலகாரம் என்று ஆளுக்கொரு தொழிலைச் சொல்லிப் பெண்கள் தயங்காமல் பேசினார்கள். அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. திரும்பும்போது வேன் ஓட்டிய பிரதாப்தான், உண்மையிலேயே தொழில் செய்து முன்னுக்கு வந்தவர் சுகிர்தம் அக்கா என்று சொல்லி, இந்த லயத்தில் கொண்டுவந்து விட்டான். சொல்லும்போது சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அவள் கேட்கவில்லை.

சுகிர்தம் முன்பு ரொட்டிக் கடை வைத்திருந்தவள். நீர்வீழ்ச்சி பார்க்க வாகனங்கள் நிற்கும் சாலை முடக்கில், நாலு தகரம் அடித்த சின்னக் கொட்டகை. சூடான ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடவே ஆட்கள் இறங்குவார்கள். தோட்டத்து நிலத்தில் கடை போடக்கூடாது என்று ஒருநாள் தகரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வயிறெரிந்து அழுதாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆய்வுக்கென்று வந்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்த முடக்கில் ஆறடி இடம் மட்டும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ரொட்டி சாப்பிட்டார்கள், படம் எடுத்தார்கள். ஒரு புத்தகத்தின் அட்டையிலேயே சுகிர்தம் சிரித்துக்கொண்டு நின்றாள். இடம்தான் வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளுக்கு யாரும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

சுகிர்தத்தின் கைபேசி அடித்தது. "வியாழக்கிழமைங்களா? அக்கரப்பத்தனைக்கு இருவது. சரிங்க, நேரத்தோட வேன்ல ஏத்திடுறேன். போன தடவை மாதிரி கொறையாது" என்று பேசி வைத்தாள்.

சாப்பாட்டுப் பார்சலா என்று கேட்டாள் சர்மிளா. சுகிர்தம் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள்.

இந்தத் தடவை அறிக்கை நேராக அமைச்சுக்குப் போகிறது என்று சர்மிளா விளக்கினாள். யாருடைய உதவியும் இல்லாமல் நிமிர்ந்த ஒரு பெண்ணின் கதை வேண்டும். அது கிடைத்தால், அந்தப் பெண்ணுக்குக் கடை போட இடம் கொடுக்கச் சொல்லி முதல் பரிந்துரையாகவே எழுதுவாள்.

"அந்த முடக்குலயா மிஸ்?"

"அதே இடத்துலதான் அக்கா."

சுகிர்தம் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் சொன்னதுதான். ஆனாலும் இந்தப் பிள்ளையின் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. இவளிடமாவது உண்மையைச் சொல்லிப் பார்த்தால் என்ன? ஒலிப்பதிவைப் போடச் சொன்னாள்.

"தொழில் பண்ற பொம்பளைங்க எல்லாம் காலையில பேரு போடுற பெரட்டுக்குப் போயி, அங்கிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. நடுவுல எறங்குனா அரைப் பேருதான், பாதிச் சம்பளம். தைக்கிறதும் பலகாரம் சுடுறதும் அந்திக்கு வந்துதான். நீங்க எல்லாரும் கூட்டத்த வேலை நாள்ல, பகல்ல வைக்கிறீங்க. யாருங்க வருவா?"

"இன்னைக்கு வந்தாங்களே அக்கா. மண்டபமே நெறைஞ்சிருந்திச்சு."

"அதுதாங்க என் தொழில்."

சர்மிளாவுக்குப் புரியவில்லை.

"பென்சனாகி வீட்டுல இருக்கறவங்க, வேலையில்லாத புள்ளைங்க, இவங்களாப் பாத்து, இன்ன தொழில் செய்றேன்னு சொல்லுன்னு பழக்கி வேன்ல ஏத்தி அனுப்புவேன். அட்டன், நுவரெலியா, எங்க கூட்டம்னாலும் ஆள் கேட்டு எனக்குத்தான் போன் வரும், தலைக்கு இவ்வளவுன்னு காசும் வரும். இன்னைக்கு ஒங்ககிட்ட பேசுனவங்க அத்தனை பேரும் நான் அனுப்புனவங்க. ஒருத்திக்கும் தொழில் கெடையாது மிஸ். ரொட்டி சுட்டு விக்க எனக்கு எடம் குடுக்கல. ரொட்டி விக்கிறேன்னு சொல்றவங்களுக்கு வேனும் அனுப்பி சோறும் போடுறாங்க. நான் என்னதான் செய்ய?"

சர்மிளா ஒலிப்பதிவை நிறுத்தி, அதை அழித்தாள். ஆறடி இடமும் அதோடு போய்விட்டது என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிய சர்மிளா, நாலடி போய் நின்றாள். திரும்பி வந்தாள். சுகிர்தத்தின் முகத்தைப் பார்க்காமல், அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அடுத்த மாசம் அமைச்சிலேர்ந்து பெரியவங்க வர்றாங்க அக்கா. நூறு பேர் அனுப்ப ஏலுமா?"